நடமாடும் வீடு: பழைய வண்டியும் புதிய வண்டியும்

வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வழிச்செல்லும் வழக்கம் மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த புதுமையன்று. கோயில் திருவிழாவுக்குக் கூடார வண்டி கட்டிப் புறப்பட்ட நம் முன்னோர், பாயும் பானையும் அரிசியும் மாட்டுக்கு வைக்கோலும் அதிலேயே ஏற்றிச் சென்று, மரநிழலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, அடுப்பு மூட்டி, இரவையும் அங்கேயே கழித்தார்கள். ஆயினும், மோட்டார் வண்டியொன்றின் வயிற்றுக்குள்ளேயே கட்டிலும் அடுப்பும் அலுமாரியும் அமைத்து, பகலில் ஊர்தியாகவும் இரவில் உறைவிடமாகவும் பயன்படுத்தும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவலாயிற்று. 'கேம்பர் வான்' என அழைக்கப்படும் இவ்வகை வண்டிகள் பலவற்றுள்ளும், உலகத்தார் மிகுந்த அன்பு வைத்தது ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் வண்டி மீதே. ஜேர்மனியர் அதனைப் 'புல்லி' என்றும், பிறேசில் நாட்டார் 'கொம்பி' என்றும் செல்லமாக அழைப்பர்.

அந்த அன்பு இப்பொழுது ஒரு வழக்காக மாறியிருக்கின்றது. 2022ஆம் ஆண்டிலே அந்நிறுவனம், பழைய வண்டியின் முகச்சாயலோடு, மின்சாரத்தால் ஓடும் புதிய வண்டியொன்றை வெளியிட்டது. 'இது அதுவன்று' என்று பழையதை நேசிப்போர் முகஞ்சுளிக்க, 'அதனினும் நன்று' என்று புதியதை வாங்கியோர் மறுமொழி கூறுகின்றனர். இவ்விரு சாராரின் கூற்றையும் சீர்தூக்க வேண்டுமாயின், பழைய வண்டி ஏன் அவ்வுருவில் அமைந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

போர் முடிந்தபோது வொல்வ்ஸ்பேர்க் நகரிலிருந்த வொக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரித்தானியப் படையினரின் பொறுப்பில் இருந்தது. ஐவன் ஹேர்ஸ்ற் என்னும் படை அதிகாரி அதனை நடத்தி வந்தார். தொழிற்சாலைக்குள்ளே பொருள்களை இடம் மாற்றுவதற்கென, வண்டுக் காரின் அடிச்சட்டத்தைக்கொண்டு தட்டையான சுமைவண்டிகள் சில அங்கேயே செய்யப்பட்டிருந்தன. ஒல்லாந்து நாட்டு வணிகரான பென் பொன் என்பவர் அவற்றைக் கண்ணுற்றார். 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி, தமது குறிப்பேட்டிலே ஒரு சிறு படத்தைக் கீறினார். பள்ளிச் சிறுவன் கீறிய படம் போன்றது அது: ஒரு பெட்டி, இரண்டு சக்கரங்கள், முன்னே சாரதி, பின்னே எஞ்சின், நடுவிலே சுமை. முன்னச்சின் மேல் 750 கிலோகிராம், பின்னச்சின் மேல் 750 கிலோகிராம் என்று எழுதினார். அந்த வண்டியின் இலக்கணம் முழுவதும் இந்தச் சிறு படத்தினுள்ளே அடங்கியிருந்தது.

சுமை நடுவிலே அமைந்தமையால், வண்டி வெறுமையாக ஓடினாலும் நிறைந்து ஓடினாலும் இரு அச்சுகளும் சுமையை ஒத்துத் தாங்கின. எஞ்சின் பின்னாலே சென்றமையால், சாரதி வண்டியின் விளிம்புவரை முன்னேறி அமர முடிந்தது. முன்பக்கம் தட்டையானமைக்கு அழகுணர்ச்சி காரணமன்று. இடத்தை வீணாக்காமையே காரணம். முதலிற் செய்து பார்த்த வண்டி வண்டுக் காரின் அடிச்சட்டத்தின் மேல் ஏற்றப்பட்டபோது சட்டம் சுமை தாங்காது தளர்ந்தது. அதன்பின் உடலையும் சட்டத்தையும் ஒன்றாக இணைத்துப் புதிதாக அமைத்தனர். பிரவுண்சுவைக் தொழில்நுட்பக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்திலே ஆராய்ந்தபோது, தட்டை முகத்தின் காற்றுத்தடை எண் 0.75 ஆக இருந்தது. முகத்தின் ஓரங்களைச் சற்று வளைத்தவுடன் அது 0.44 ஆகக் குறைந்தது. பிற்காலத்தார் 'புன்னகைக்கும் முகம்' என்று பாராட்டிய அவ்வளைவு காற்றோடு நடத்திய பேரத்தில் விளைந்ததாகும்.

1950ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆந் திகதி உற்பத்தி தொடங்கிற்று. எஞ்சினின் வலு 25 குதிரைவலுதான். மலைச்சரிவிலே அது ஊர்ந்து சென்றது. பக்கக் காற்று வீசினால் தள்ளாடிற்று. குளிர்காலத்தில் உள்ளிருந்தோர் நடுங்கினர். ஆனால் அவ்வெஞ்சின் காற்றினாலே குளிர்விக்கப்படுவது. நீர்த்தொட்டி இல்லை, ஆகையால் நீர் கொதித்து ஆவியாவதுமில்லை, உறைந்து குழாயை வெடிக்கச் செய்வதுமில்லை. ஏழையும் மாணவனும் நெடுவழிக்கு நம்பிப் புறப்படத்தக்க வண்டியாக அது அமைந்தமைக்கு இவ்வெளிமையே முதற் காரணம்.

1951ஆம் ஆண்டிலே வெஸ்ற்பாலியா என்னும் பழைய வண்டி செய் நிறுவனம் 'கேம்பிங் பெட்டி' என்றொரு தளபாடத் தொகுதியைச் செய்து விற்றது. கிழமை நாள்களிலே தச்சனோ பேக்கரிக்காரனோ தன் பொருள்களை ஏற்றித் திரியும் அதே வானில், சனிக்கிழமை அப்பெட்டியை வைத்துவிட்டால் குடும்பம் முழுவதும் உல்லாசப் பயணம் செல்லலாம். திங்கட்கிழமை பெட்டியை இறக்கிவிட்டுத் தொழிலுக்குத் திரும்பலாம். இந்த இரட்டைப் பயனை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். உல்லாசத்துக்கெனத் தனியே ஒரு வண்டி வாங்க இயலாதவர்களுக்காகவே அது எழுந்தது. காலப்போக்கில் மடித்து விரிக்கும் படுக்கை, கைகழுவும் தொட்டி, திரைச்சீலை, உயர்த்தக்கூடிய கூரை என வசதிகள் பெருகின. இங்கிலாந்திலே போக்ஸ்ரன் நகரத்து டோமொபீல் நிறுவனத்தார் அமைத்த, கோடு போட்ட துணியினாலான பக்கவாட்டுக் கூரை அந்நாட்டாருக்கு இன்றும் கோடை விடுமுறையின் சின்னமாக விளங்குகின்றது.

வண்டியைப் பழுதுபார்க்கும் கதை தனியே சொல்லத்தக்கது. 1969ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியியலாளர் ஜோன் மூயர் என்பவர், வொக்ஸ்வாகன் வண்டியைச் சாகவிடாது காப்பது எவ்வாறு என்று விளக்கும் நூலொன்றை எழுதினார். 'முழு மூடனுக்கும்' விளங்கும்படி எழுதப்பட்டது என்று நூலின் துணைத் தலைப்பே கூறிற்று. பொறியியல் கல்லாத ஆடவரும் பெண்டிரும் அந்நூலை வீதியோரத்தில் விரித்து வைத்து, எஞ்சினைக் கழற்றி மாட்டினர். பாடநூல்களோடு வாழ்நாளைக் கழித்த என்போன்றோர்க்கு, அந்நூல் பெற்ற வெற்றி பொறாமைப்படத்தக்க ஒன்றாகும். அறிவைப் பொதுவாக்கும் நூலொன்று வெற்றிபெற வேண்டுமாயின், அது விளக்க எடுத்துக்கொண்ட பொருளும் எவரும் திறந்து பார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். பழைய வண்டி அத்தகையது. இக்காலத்து மின்வண்டியின் மின்கலத்தொகுதி உயர்மின்னழுத்தம் உடையது. பயிற்சியில்லாதார் அதனைத் தொடுதலும் தகாது. அதற்கு மூயரைப் போன்றார் ஒருவர் இனி நூல் எழுதுவது அரிது.

அமெரிக்காவிலே இவ்வண்டி இளைஞர் இயக்கத்தோடு ஒன்றிவிட்டது பலரும் அறிந்த செய்தி. பழைய வண்டி மலிவாகக் கிடைத்தது, பலர் கூடிப் பயணஞ்செய்யலாம், உள்ளே உறங்கலாம். 1960களிலும் 1970களிலும் ஐரோப்பாவிலிருந்து இஸ்தான்புல், தெகிரான், காபூல் வழியாக இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் தரைவழியே வந்த இளைஞர் பலர் இத்தகைய வான்களிலேயே வந்தனர். அவ்வழி 1979ஆம் ஆண்டு ஈரானியப் புரட்சியோடும் ஆப்கானிஸ்தானிற் சோவியத் படை புகுந்ததோடும் அடைபட்டது. 1995ஆம் ஆண்டு இசைக்கலைஞர் ஜெரி கார்சியா காலமானபோது, அவரது இசைக்குழுவைப் பின்தொடர்ந்து ஊரூராகச் சென்ற இரசிகர் பலரின் வாகனம் இதுவாயிருந்தமையால், வொக்ஸ்வாகன் நிறுவனம் தன் இரங்கல் விளம்பரத்திலே முன்விளக்கிலிருந்து கண்ணீர் வடிக்கும் வண்டியொன்றின் படத்தை வெளியிட்டது.

ஆனால் நான் இதனினும் மேலாக மதிப்பது தென் கரோலைனா மாநிலத்தைச் சேர்ந்த ஈசா ஜென்கின்ஸ் என்னும் கறுப்பினத் தலைவரின் பணியையே. அவரும் அவர் மனைவியாரும் ஜோன்ஸ் தீவிலிருந்து சார்ள்ஸ்ரன் நகருக்குத் தொழிலாளரையும் மாணவரையும் பஸ்களிலே ஏற்றிச் சென்றனர். எழுத்தறிவுச் சோதனை என்னும் பெயராற் கறுப்பினத்தாருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்ட காலம் அது. ஓடும் பஸ்ஸிலேயே பயணிகளுக்கு அரசியலமைப்புப் பகுதிகளைக் கற்பித்து, அச்சோதனையில் தேறச் செய்தார் ஜென்கின்ஸ். பிற்காலத்தில் அவர் ஓட்டிய 1966ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் வண்டியின் பின்கதவுப் பகுதி, இன்று வாஷிங்ரனிலுள்ள சிமித்சோனியன் ஆபிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது. அன்பே முன்னேற்றம் என்றும், பகைமைக்கு விலை அதிகம் என்றும் அதிலே அவர் எழுதுவித்திருந்தார்.

இனி, பழையதன் குறையை மறைத்தல் நேர்மையாகாது. சாரதியின் முழங்காலுக்கு முன்னே இருந்தது மெல்லிய தகடொன்றே. நேருக்கு நேர் மோதினால் முதலில் வண்டியைச் சந்திப்பது அவர் கால்களே. காற்றுப்பையும் இல்லை, பூட்டிக்கொள்ளாத பிறேக்கும் இல்லை. நம் வீதிகளிற் பலகாலம் ஓடிய, முன்னாசனத்தின் கீழ் எஞ்சின் அமைந்த யப்பானிய வான்களிலும் இவ்வாபத்து இருந்தது. நெடும்பயணத்தில் ஆசனம் சூடேறுதல் அதற்கு மேலதிகம். பிறேசில் நாட்டிலே கொம்பி வண்டி 1957 முதல் 2013ஆம் ஆண்டின் இறுதிவரை, 56 ஆண்டுகள் செய்யப்பட்டது. அதனை நிறுத்தியது வாங்குவோரின் வெறுப்பன்று. 2014 முதல் புதிய வண்டிகள் அனைத்திலும் காற்றுப்பையும் பூட்டாத பிறேக்கும் கட்டாயம் என்ற சட்டமே. பழைய உடலிலே அவற்றைப் பொருத்த வழியில்லாது போயிற்று. அச்சட்டம் பலர் உயிரைக் காக்கும் சட்டம். கொம்பிக்காகக் கண்ணீர் வடித்தோரும் இதனை மறுத்தல் இயலாது.

இடைப்பட்ட தலைமுறைகளைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. 1967இல் இரட்டைக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியாயிற்று. 1979இல் வந்த மூன்றாந் தலைமுறை அகன்று பருத்தது. சில ஆண்டுகளில் எஞ்சினும் நீராற் குளிர்விக்கப்படுவதாயிற்று. 1990இல் எஞ்சின் முன்னே வந்தது. வண்டிக்கு மூக்கு முளைத்தது. பென் பொன் கீறிய படம் அன்றோடு முடிவெய்தியது எனலாம். விந்தை யாதெனில், அம்மூக்கு முளைத்த வண்டிகளே உறங்குவதற்கும் சமைப்பதற்கும் மிக வசதியானவை. எஞ்சின் முன்னே சென்றமையாற் பின்தளம் தட்டையாகித் தாழ்ந்தது. 2003 முதல் வொக்ஸ்வாகன் நிறுவனமே 'கலிபோர்னியா' என்னும் பெயரில் நடமாடும் வீட்டைத் தன் தொழிற்சாலையிற் செய்யத் தொடங்கிற்று.

2022இன் மின்வண்டிக்கு வருவோம். அதன் பெயர் 'ஐ.டி. பஸ்'. தமிழில் எழுதும்போது நாம் ஏறிச் செல்லும் பஸ்ஸும் இதுவும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்திலோ இது தேனீயின் ரீங்காரத்தைக் குறிக்கும் சொல். உச்சரிப்பிலே பழைய பஸ்ஸை நினைவூட்டுவது. பெயரிலேயே சிலேடை வைத்துள்ளனர். இதன் மின்னோடி பின்னச்சிலே அமைந்து பின்சக்கரங்களைச் சுழற்றுகின்றது. மின்கலங்கள் தளத்தின் அடியிலே, இரு அச்சுகளுக்கும் நடுவே பரப்பப்பட்டுள்ளன. ஆகவே, எஞ்சினைப் பின்னே வைத்துச் சுமையை நடுவே வைக்கும் அப்பழைய இலக்கணம், பெற்றோல் எஞ்சின் முன்னே சென்றபோது அழிந்து, மின்சாரத்தினால் ஓரளவு மீண்டிருக்கின்றது. புதியது பழையதன் முகமூடியை மாத்திரம் அணிந்தது என்று இகழ்வோர் இதனைக் கவனிப்பதில்லை.

எனினும் ஒப்புமை அதற்குமேற் செல்லாது. பழைய வண்டியின் நிறை ஒரு தொன்னைச் சிறிதே கடந்தது; அது 750 கிலோகிராம் சுமந்தது. புதியதன் நிறை ஏறத்தாழ இரண்டரைத் தொன். பயணிகளுக்கென அமைந்த வண்டி அதனினும் குறைந்த சுமையையே சுமக்கும். வலுவோ 25இலிருந்து 204 குதிரைவலுவாக ஏறியுள்ளது. காற்றுத்தடை எண் 0.285, பிரவுண்சுவைக்கில் 0.44 கண்டு மகிழ்ந்தோர் இதனைக் கேட்டால் நம்பமாட்டார்கள். ஓடும் தூரத்தை ஒப்பிட்டால் ஓர் எதிர்பாராத உண்மை வெளிப்படும். பழையதன் தாங்கியிலே 40 லீற்றர் பெற்றோல். நூறு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 லீற்றர் செலவு. ஆகவே 400 கிலோமீற்றர். முதலில் வெளிவந்த மின்வண்டிக்குச் சோதனைச்சாலை அளவீட்டின்படி சொல்லப்பட்டதும் 400க்குச் சிறிது மேலேதான். எழுபது ஆண்டுகளில் ஒரு மூச்சிலே செல்லும் தூரம் மாறவில்லை. மாறியது மூச்சு வாங்கும் நேரமே. பெற்றோலுக்கு ஐந்து நிமிடம். மின்சாரத்துக்கு, விரைந்து ஏற்றும் நிலையத்திலும் அரைமணி. அந்நிலையமோ காட்டு வழியிலும் கடற்கரை ஒதுக்கிலும் இருப்பதில்லை. நடமாடும் வீட்டார் நாடிச் செல்வதோ அவ்விடங்களையே.

பாதுகாப்பிலே போட்டியே இல்லை. 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய மோதற் சோதனையில் இப்புதிய வண்டி ஐந்து நட்சத்திரம் பெற்றது. முகம் முன்போலத் தட்டையாக இல்லையே என்று குறைபடுவோர்க்கு ஒரு விடை உண்டு: முன்னே நீண்டிருக்கும் அச்சிறு மூக்கே மோதலின் வேகத்தை விழுங்கிச் சாரதியின் காலைக் காப்பது. உள்ளமைப்பைப் பற்றி நான் அவ்வாறு பரிந்து பேசமாட்டேன். பொத்தான்களை நீக்கிவிட்டு, விரலாற் தடவும் கண்ணாடிப் பலகையையே எல்லாவற்றுக்கும் வைத்தனர். வீதியிலிருந்து கண்ணை எடுத்தாலன்றிக் குளிரூட்டியின் அளவை மாற்றமுடியாத அமைப்பு முன்னேற்றமாகாது. 2025ஆம் ஆண்டிலே அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவரே, இனிவரும் வண்டிகளிற் பொத்தான்கள் திரும்பும் என்று அறிவித்தார்.

இப்பழைய முகம் ஏன் இந்தக் காலத்திலே திரும்பி வந்தது என்பதும் கேட்கத்தக்க கேள்வி. 2015ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், தன் டீசல் வண்டிகளிலே புகைச் சோதனையை ஏமாற்றும் கணினி நிரலைப் பொருத்தியிருந்ததை வொக்ஸ்வாகன் ஒப்புக்கொண்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள் அதிற் சிக்கின. அதன்பின் 2017இல் மின்வண்டியின் மாதிரி காட்டப்பட்டது. 2019இல் அமெரிக்காவில் வெளியிட்ட விளம்பரமொன்றிலே, அம்மோசடிச் செய்தியை முதலில் ஒலிக்கவிட்டு, பின்னர் இருளிலிருந்து இம்மாதிரி வண்டி ஒளிவீசி வருவதாகக் காட்டினர். பழைய அன்பைக்கொண்டு புதிய அவப்பெயரைத் துடைக்க முயன்றனர் என்பதே என் கருத்து.

பிறேசிலிலே இது மேலும் கூர்மையாக வெளிப்பட்டது. 2023ஆம் ஆண்டு, அந்நாட்டில் நிறுவனத்தின் எழுபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி ஒரு விளம்பரப் படம் வந்தது. புகழ்பெற்ற பாடகி எலிஸ் றெஜீனா பழைய கொம்பியை ஓட்டி வருகின்றார்; அவர் மகள் மரியா றீற்றா புதிய மின்வண்டியை ஓட்டி வருகின்றார்; இரு வண்டிகளும் பக்கம் பக்கமாகச் செல்ல, தாயும் மகளும் சேர்ந்து பாடுகின்றனர். எலிஸ் 1982ஆம் ஆண்டிலேயே இறந்தவர். அப்போது மகளுக்கு நான்கு வயது. தாயின் முகத்தைச் செயற்கை நுண்ணறிவு உயிர்ப்பித்திருந்தது. கண்டவர் பலர் அழுதனர். வேறு பலர் சினந்தனர். பாடியதோ, பெற்றோரைப் போலவே பிள்ளைகளும் வாழ்ந்து முடிவதை எண்ணி வருந்தும் பெல்க்கியோரின் பாடல். மேலும், பிறேசிலின் இராணுவ ஆட்சியோடு ஒத்துழைத்தமைக்காக, 2020ஆம் ஆண்டில் 3 கோடியே 60 இலட்சம் றியால் செலுத்த இணங்கிய நிறுவனம் இது. எலிஸோ அவ்வாட்சியைக் குறைகூறியவர். விளம்பர ஒழுங்குச் சபைக்கு முறைப்பாடு சென்றது. வாரிசுகளின் சம்மதம் இருந்தமையாற் சபை அதனைத் தள்ளிவிட்டது. சட்டப்படி அது சரியே. ஆயினும் இறந்த தாயின் சம்மதத்தை எவரிடம் பெறுவது என்ற கேள்வி சபையின் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை.

விலையையும் சொல்லியாக வேண்டும். 2024இல் வெளிவந்த புதிய கலிபோர்னியா வண்டி 5 மீற்றருக்கு மேல் நீளமுடையது. இருபுறமும் தள்ளுகதவுகள் உடையது. சமையற் பகுதியும் உயரும் கூரையும் அதில் உண்டு. ஜேர்மனியிலே அதன் விலை அறுபதாயிரம் யூரோவுக்கு மேல். தச்சனின் வண்டியாகத் தொடங்கியது இன்று செல்வர் வீட்டு முற்றத்தில் நிற்கின்றது. பழையதை வாங்கிச் சமாளிக்கலாம் என்றால் அதுவும் இயலாது: 2011ஆம் ஆண்டு அமெரிக்க ஏலமொன்றில், 23 யன்னல்களையுடைய 1963ஆம் ஆண்டு வண்டியொன்று இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. மாணவர் சிலர் சேர்ந்து பணம் போட்டு வாங்கிய அவ்வண்டியை, இன்றைய மாணவர் எந்த வடிவத்திலும் வாங்கமுடியாது.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்றும் தோன்றியிருக்கின்றது. பழைய உடலை வைத்துக்கொண்டு, எஞ்சினை மாத்திரம் அகற்றி மின்னோடி பொருத்துவது அது. 2020ஆம் ஆண்டில் வொக்ஸ்வாகன் நிறுவனம், பழைய வண்டிகளை மின்மயமாக்கும் ஜேர்மன் தொழிலகமொன்றோடு சேர்ந்து, 1966ஆம் ஆண்டு வண்டியொன்றை அவ்வாறு மாற்றிக் காட்டியது. 83 குதிரைவலு; 45 கிலோவாற்றுமணி மின்கலம்; 200 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். புகையில்லை; காற்றுக்குளிர் எஞ்சினின் தட்டுச் சத்தமுமில்லை; அச்சத்தத்தை இசையாகக் கேட்டுப் பழகியோர் அதனை ஒரு குறையாகவே கருதினர். முகம் அதே முகம், யன்னல்கள் அதே யன்னல்கள். சாரதியின் முழங்காலுக்கு முன்னே இருப்பதும் அதே மெல்லிய தகடு.